பந்தியில் சாப்பிடும்போது யாரும் சொல்லித் தராத, ஆனால் எல்லோரும் கவனிக்கிற பழக்கங்கள் என்னென்ன?

என்னைக் கேட்டால் முதல் விதி, பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன் எழுந்திருக்கக் கூடாது. இதை என் மறுவீட்டு விருந்தில்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் தப்புப் பண்ணி.

நான் சென்னையில் வளர்ந்தவன். இங்கே மண்டபத்தில் ரசம் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார் (அதைவிட அநாகரிகம் வேறில்லை என்பேன்). பத்து நிமிடத்தில் முடித்து எழுந்தே பழகிவிட்டது.

மனைவியின் ஊர் திருநெல்வேலி. கல்யாணத்துக்கு மறுநாள் அவர்கள் வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் போட்ட சொதி, வயிறு மந்தமாகாமல் இருக்க இஞ்சிப் பச்சடி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் வழக்கம்போல் மளமளவென்று முடித்து, இலையை மடித்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் மனைவியின் தாத்தா அப்போதுதான் இரண்டாம் முறை சொதி வாங்கியிருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த பெரிய மாமா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்கலையோ?"

வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா மட்டும் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டார். பந்தியில் ஒருவர் எழுந்துவிட்டால் மேற்கொண்டு சாப்பிட மாட்டாராம். சாயங்காலம் மனைவி சொல்லித்தான் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு பிடி மோர்ச்சோற்றை மிச்சம் வைத்து, பக்கத்தில் முடிகிற வரை அளைந்துகொண்டிருப்பேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். எச்சில் கையால் வாளியையோ கரண்டியையோ தொடக் கூடாது. 'போதும்' என்பதைக் கரண்டி சாய்வதற்கு முன்பே, இலைக்கு மேல் கையை நீட்டிச் சொல்லிவிட வேண்டும். கொட்டிய பிறகு சொன்னால் வீணாவது அவர்கள் சோறு.

அப்புறம் இலையை மடிப்பது. எங்கள் வீட்டில் விசேஷத்தில் நம் பக்கமாக மடிப்போம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. இதையே தலைகீழாகச் சொல்கிற ஊர்களும் உண்டு. அதனால் புது ஊர் என்றால் நான் யோசிப்பதே இல்லை. பக்கத்தில் வயதானவர் யாராவது மடிக்கட்டும் என்று காத்திருந்து, அவர் மடித்த பக்கமே மடித்துவிடுவேன்.