ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு கொடுக்கலாம்?

கோலாலம்பூரில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறீர்கள். வயிற்றுவலி வராமலிருக்க கொள்ளும் ஓட்ஸும் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்மவர்களுக்குக் குதிரை என்றாலே கொள்ளுதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் வயிற்றுக்குப் புல்தான் சோறு. 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். பச்சை நேப்பியர் புல் என்றால் பெரும்பகுதி தண்ணீர்தான், நாலைந்து மடங்கு வெட்ட வேண்டியிருக்கும்.

அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதைத் தணிக்கிறது. சாயங்காலம் தீவனம் போட்டுவிட்டு விடியும்வரை வெறும் லாயத்தில் நிறுத்தினால் வயிறு புண்ணாகாமல் என்ன செய்யும்? ராத்திரிக்குச் சின்னக் கண்ணி வலையில் புல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தானியம் அதிகமானால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலியோடு குளம்பு வீக்கமும் வரும். ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டவே கூடாது. ஓடாத குதிரைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. கொள்ளு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஊறவைத்து வேகவைத்து ஒரு கைப்பிடியில் ஆரம்பியுங்கள்.

எதையும் திடீரென்று மாற்றாதீர்கள். லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டை தீர்ந்துவிட்டதென்று அன்றைக்கே வேறு தீவனம் போட்டேன். ராத்திரி அந்தக் குதிரை காலால் தரையைப் பறித்தது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அதனால் மருத்துவர் வந்து மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் விட்டார். விடியற்காலையில் அது லத்தி போட்டபோது நான் அழுதுவிட்டேன். அதற்கப்புறம் எந்தத் தீவனமானாலும் பழையதோடு கலந்து, 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுகிறேன்.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு 50 லிட்டர்கூடக் குடிக்கும், நக்குவதற்கு உப்புக்கட்டியும் வையுங்கள். மழைக்காலத்தில் புல்லை முகர்ந்து பார்த்துப் போடுங்கள், பூசணம் பிடித்திருந்தால் அந்தப் புல்லுக்கட்டு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் இடம் பழைய வெள்ளீயச் சுரங்கத்தின் மணல் மண்ணாக இருந்தால் தரையில் தீவனம் போடவே வேண்டாம், மணல் குடலில் தங்கிவிடும். லத்தியைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், மணல் இருந்தால் அடியில் படியும்.

அப்புறம், தினமும் அதன் விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். வயிறு கடமுடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.