அம்மாவுக்கு முழங்கால் வலி: லுவாங்வா காட்டு முகாமுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஐம்பது நெருங்குகிறது. மகளுக்கு 14 வயது. அம்மாவுக்கு 67. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் முதுமலையிலும் கபினியிலும் எங்களைவிட ஆசையாக யானை பார்த்தவர். வரும் ஆகஸ்டில் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். ஆறு இரவும் காட்டின் நடுவே உள்ள சிறு புஷ் கேம்ப்களில் தங்கி, ஒரு கேம்பிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகும்படி ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். அங்கே வேலி கிடையாதாம், கரண்டும் கிடையாதாம். பயமாக இருக்கிறது, விடவும் மனமில்லை. அம்மாவை அழைத்துப் போகலாமா? நாங்கள் எல்லோரும் சைவம். (கோவை வாசகர்)

பதில்: போகலாம். அம்மாவையும் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் ஏஜென்ட் கொடுத்த திட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். முதல் மூன்று இரவுகளை ம்ஃபுவே நுழைவாயிலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் உள்ள சற்றுப் பெரிய கேம்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஜீப் சவாரி மட்டும் போதும். அடுத்த மூன்று இரவுகளுக்கு ஒரே ஒரு புஷ் கேம்ப், அதுவும் நடையும் ஜீப்பும் இரண்டும் உள்ளதாக இருக்கட்டும். கேம்ப் விட்டு கேம்ப் நடக்கும் பயணம் அருமையானது. லுவி என்ற வறண்ட ஆற்றின் கரையோரமாக லுவி முகாமிலிருந்து ந்சோலோ முகாமுக்கு நடப்பதைப் போன்ற வழிகள் அதற்கென்றே இருக்கின்றன. பெட்டிகள் வண்டியில் வந்துவிடும், நாம் காலை முழுக்க நடந்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். உங்கள் குடும்பத்துக்கு முதல் தடவையிலேயே அது வேண்டாம். அம்மா வண்டியில் தனியாகவும் நீங்கள் காலால் தனியாகவும் போய், நாளில் பாதி பிரிந்தே கழியும்.

ஏன் ஜீப் முதலில் என்கிறேன் என்றால், லுவாங்வாவில் நடப்பது மிருகம் பார்ப்பதற்கு மட்டுமான வழி அல்ல. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஜீப்பே போதும். யானை, நீர்யானை, எருமை, லுவாங்வா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கே உரிய தோர்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி, செம்பழுப்பு நிறப் பூக்கு மான் எல்லாவற்றையும் ஜீப்பில் இருந்தே நெருக்கமாகப் பார்க்கலாம். இங்கே இரவு சவாரிக்கும் அனுமதி உண்டு என்பதால் விளக்கொளியில் சிறுத்தையைப் பார்க்கும் வாய்ப்பு மிக நல்லது. காண்டாமிருகம் மட்டும் இங்கே கிடையாது, கள்ளவேட்டையில் அழிந்துபோனது. ஜீப்பில் இரண்டு நாள் போனால் பெரிய மிருகங்களைப் பார்க்கும் பரபரப்பு அடங்கிவிடும். அதன் பிறகு நடந்தால்தான் கண் தரைக்கு வரும். முதல் நாளே நடக்கப் போகிறவர்கள் 'சிங்கம் எங்கே' என்று தேடிக்கொண்டே நடந்து, காலடியில் கிடப்பதைத் தவறவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலடிச் செய்தியைத் தேடித்தான் உலகம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. 1950-ல் நார்மன் கார் என்ற வனக் காவல் அதிகாரி, அந்தப் பகுதித் தலைவர் ந்செஃபுவோடு பேசி, வேட்டைக்கு வராமல் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கென ஒரு முகாம் அமைத்தார். வருமானம் ஊர் மக்களுக்குப் போனது. பிறகு அவர் விருந்தினர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகத் தொடங்கினார். நடை சஃபாரி என்று இன்று எல்லோரும் விற்பதற்கு வேர் இங்கேதான். பூங்கா சுமார் 9,050 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1972-ல்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலி கிடையாது என்பது உண்மை. புஷ் கேம்ப் என்றால் மூன்று அல்லது நான்கு குடிசைகள், மூங்கிலும் கோரையும் புல்லும் கட்டிய சுவர்கள், நடுவில் சாப்பாட்டுக் கொட்டகை, எதிரே ஆறோ மணல் படுகையோ. நவம்பரில் மழை தொடங்கினால் தாழ்வான இடமெல்லாம் வெள்ளக்காடாகும், கரிசல் பாதைகளில் வண்டி இறங்காது. அதனால் பல கேம்ப்களை மழைக்கு முன்பே பிரித்துவிட்டு, அடுத்த மே, ஜூனில் புதிதாகக் கட்டுகிறார்கள். நீங்கள் தங்கப்போவது அந்த வருடத்துப் புல்லில் கட்டிய வீடு. குளியலறை பெரும்பாலும் கூரையில்லாத புல் அடைப்பு. மரக்கிளையில் கப்பி போட்டுத் தொங்கவிட்ட வாளியில் வெந்நீர் நிரப்பித் தருவார்கள், திறந்தால் பூவாளிபோல் கொட்டும். ஒரு வாளி ஒருவருக்குத் தாராளம். வெளிச்சத்துக்குச் சூரிய மின்விளக்கு, லாந்தர். போன், கேமரா சார்ஜ் எல்லாம் நடுக்கொட்டகையில் மட்டும்.

ஆபத்து நடையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில், கவனம் அதிகம் தேவைப்படுவது இரவு எட்டு மணிக்குக் குடிசையிலிருந்து கொட்டகைக்குப் போகும் அந்த ஐம்பது அடியில்தான். பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை இருட்டியதும் கரையேறி, விடியும்வரை புல் மேயும். உங்கள் வாசலிலேயே மேயும். புல்லை அது பிடுங்குகிற சத்தம் தலையணைக்குப் பக்கத்தில் கேட்பதுபோல் இருக்கும். அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் மனிதர் போய் நின்றால் அது ஒதுங்கிப் போகாது, தண்ணீரை நோக்கி நேராக ஓடி வரும். யானையும் வரும். கேம்ப்கள் நிழலுக்காகப் பெரிய மரங்களின் கீழேதான் இருக்கின்றன, அவற்றில் நம் புளியமரமும் உண்டு. புளிக்கு ஆப்பிரிக்காதான் தாய்வீடு. கரையான் புற்றை ஒட்டி வளரும் புளியமரங்களை அங்கே நிறையப் பார்க்கலாம். காய் உதிரும் காலத்தில் யானை வந்து பொறுக்கித் தின்னும். நம் குடிசை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே விதி எளிது. இருட்டிய பிறகு யாரும் தனியாக வெளியே கால் வைக்கக் கூடாது. காவலாளி டார்ச்சோடு வந்து அழைத்துப் போவார், கொண்டுவந்தும் விடுவார். கழிப்பறை குடிசையோடு ஒட்டியே இருக்கிறதா, வெளியே நடந்து போக வேண்டுமா என்று ஏஜென்டிடம் இன்றே கேளுங்கள். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் 67 வயது அம்மாவுக்கு இந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒட்டியிருக்கும் குடிசைதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஊதலோ ஹாரனோ குடிசையில் வைத்திருப்பார்கள், மகளுக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். குடிசைக்குள் பழம், பிஸ்கட், வாசனை சோப்பு எதையும் வைக்க வேண்டாம். குரங்கும் பபூனும் பகலில் வரும், பழ வாசனைக்கு யானை சுவரையே தள்ளிப் பார்க்கும். ஊரிலிருந்து எடுத்துப்போகும் முறுக்கு டப்பாவைச் சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

நடையில் ஒழுங்கு இன்னும் கடுமையாக இருக்கும். ஜாம்பியாவின் தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஸ்கவுட் துப்பாக்கியோடு முன்னால் போவார். அவருக்குப் பின்னே கைடு, பிறகு நீங்கள் ஒருவர் பின் ஒருவராக, கடைசியில் தேநீர்ப் பை சுமப்பவர். கைடு ஜீப் ஓட்டத் தேறியவராக இருந்தால் போதாது, நடைக்கெனத் தனித் தேர்வு எழுதி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலான கேம்ப்களில் 12 வயதுக்குக் கீழே நடைக்குச் சேர்க்க மாட்டார்கள், உங்கள் மகள் போகலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மூன்று, நான்கு மணி நேரம். தூரம் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர், சமதளம், மெதுவான நடை. வால்பாறைப் பக்கம் மலையேறிப் பழகியவர்களுக்கு மூச்சு வாங்காது. சிரமம் வேறு இடத்தில். மழையில் கரிசல் சேற்றில் யானையும் நீர்யானையும் பதித்த காலடிகள் காய்ந்து கல்லாகிவிடும். ஒவ்வொன்றும் ஒரு சட்டி அளவு குழி. கணுக்கால் பிசகுவது அங்கேதான். இதனால்தான் அம்மாவுக்கு நடை வேண்டாம் என்கிறேன், வயதைப் பார்த்து அல்ல.

நடையில் என்ன கிடைக்கும் என்று ஒரு காலையைச் சொல்கிறேன். கைடு சட்டென்று கையை உயர்த்தி நின்றார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. எருமை முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பழுப்புக் குருவி ஒன்று சீறுவதுபோல் கத்தியதை மட்டும் அவர் கேட்டிருந்தார். அது கத்தினால் அதற்குக் கீழே ஒரு பெரிய முதுகு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கவுட் ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பேச்சே இல்லாமல் நாங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வளைந்து போனோம். இருநூறு அடி தள்ளிப் புதருக்குள் கிழட்டு எருமை ஒன்று அசை போட்டபடி நின்றது. நாங்கள் வந்ததே அதற்குத் தெரியாது. பிறகு ஒரு மணல் திட்டில் யானையின் முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அதை இரட்டித்தால் தோள் உயரம் என்று கைடு காட்டினார். நம்மூரிலும் யானைக்கு இதே கணக்குத்தான் சொல்வார்கள். சிங்கத்தின் தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலியின் தடத்தில் பதியும். நகத்தை உள்ளிழுத்து நடப்பது பூனைக் குடும்பம். இதையெல்லாம் மண்டியிட்டுப் பார்த்த பிறகு மாலை ஜீப் சவாரியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மகளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள், தடங்களை வரையட்டும்.

ஒன்றே ஒன்றை நால்வரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எது நடந்தாலும் ஓடக் கூடாது. ஓடுவது இரை மட்டும்தான். கைடு நில் என்றால் நில்லுங்கள், பின்னால் வா என்றால் மெதுவாகப் பின்னால் போங்கள்.

அம்மாவின் காலை நேரமும் வீணாகாது. நீங்கள் நடக்கும் நேரத்தில் அவருக்குத் தனி ஜீப் கிடைக்குமா என்று கேளுங்கள். சில கேம்ப்களில் ஒரே வண்டி, ஒரே கைடுதான் இருக்கும், அப்படியென்றால் நடைக்குப் போகிறவர்கள் திரும்பும்வரை அவர் கேம்பில்தான் இருக்க வேண்டும். அதுவும் மோசமில்லை. ஆற்றைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தால் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வருவதும், நீர்யானைகள் ஒன்றை ஒன்று அதட்டுவதும் அங்கிருந்தே தெரியும். ஆனால் எது கிடைக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஜீப் உயரமானது, பக்கவாட்டில் கால் வைத்து ஏற வேண்டும். ஏறுவதற்கு ஒரு மரப்படி வைக்கச் சொல்லுங்கள், குலுக்கல் குறைவான நடு வரிசையில் அவரை உட்கார வையுங்கள், முட்டிக்குப் பட்டை மறக்க வேண்டாம்.

ஆகஸ்ட் நல்ல தேர்வு. ஜூன், ஜூலையில் விடியற்காலை ஜீப்பில் பல் கிட்டும். அக்டோபரில் வெயில் 40 டிகிரி தொடும், அம்மாவுக்கு ஆகாது. ஆகஸ்டில் காலைக்கு ஒரு ஸ்வெட்டர், பகலுக்குப் பருத்திச் சட்டை. செப்டம்பருக்குத் தள்ளிப்போட முடிந்தால் ஆற்றின் செங்குத்துக் கரையில் வளை தோண்டும் செந்நிறப் பஞ்சுருட்டான் குருவிகளை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம், வெயிலும் அப்போது ஏறியிருக்கும். பள்ளி லீவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உடை நிறம் காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. நீலமும் கருப்பும் வேண்டாம். செட்சி ஈ அந்த இரண்டு நிறங்களையும் தேடி வந்து கடிக்கும், கடி ஜீன்ஸையும் துளைக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறித் துணிகளே நீலமும் கருப்பும்தான். மொபானி மரக் காட்டில் கண்ணையும் மூக்கையும் மொய்க்கும் குட்டிப் பூச்சிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை நம் கொசுத்தேனீயின் உறவு, கொட்டாது. பை துணிப்பையாக இருக்கட்டும். சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி உள்ளே நுழையாது.

மலேரியா மாத்திரையில் சலுகையே கிடையாது. லுவாங்வா மலேரியா உள்ள பள்ளத்தாக்கு, அங்கே இருப்பது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டரே சொல்ல வேண்டும். அம்மா வேறு மருந்துகள் சாப்பிடுகிறார் என்றால் அந்தச் சீட்டையும் காட்டுங்கள். ஊர் திரும்பிய பிறகும் குறித்த நாள்வரை மாத்திரையைத் தொடருங்கள். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் 'ஜாம்பியா போய் வந்தேன்' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விமானம் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். அந்த நாடுகளில் தங்கித் திரும்பினால் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அம்மாவின் வயதில் அந்த ஊசி சரிதானா என்பதையும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவசரத்தில் விமானத்தில் தூக்கிப் போகும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். புஷ் கேம்பிலிருந்து விமான நிலையம் உள்ள ம்ஃபுவே வரவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புஷ் கேம்புக்குச் சரக்கு வண்டி எப்போதாவதுதான் வரும், போன பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் மிஞ்சும். முட்டை, மீன், கோழி வேண்டாம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'சைவம்' என்றால் மீன் சேர்த்தி என்று நினைக்கும் சமையல்காரரும் உண்டு. அந்த ஊர்ச் சாப்பாட்டையே கேட்டு வாங்கினால் அம்மாவுக்குப் பிடிக்கும். ன்ஷிமா என்பது சோள மாவில் கிளறும் களி. பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டுச் சமைத்துத் தருவார்கள், பீன்ஸ் குழம்பும் இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் சமையல்காரரிடம் 'ஸிகோமோ' என்று சொல்லுங்கள், ந்யாஞ்சா மொழியில் நன்றி.

முன்பணம் அனுப்பும் முன் ஏஜென்டிடமிருந்து நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: குடிசையோடு ஒட்டிய கழிப்பறை, அம்மாவுக்குத் தனி ஜீப் உண்டா இல்லையா, நடைக்கு உரிமம் உள்ள கைடு, முட்டையும் இல்லாத சைவச் சாப்பாடு. ஆறேழு பேர் மட்டும் தங்கும் இடங்கள் ஆகஸ்டுக்கு மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அதனால் இந்த வாரமே எழுதுங்கள்.