பகலில் கண்ணை மூடுகிறது, தரையைப் பிராண்டுகிறது: பச்சோந்திக்கு என்ன கோளாறு?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் ரோட்டோரத்தில் கிடைத்த பச்சோந்தி ஒன்றை வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கொப்பிலேயே இருக்கும். இப்போது கீழே இறங்கி மூலையைப் பிராண்டிக்கொண்டே இருக்கிறது. பகலிலும் கண்ணை மூடிக்கொள்கிறது. உடம்பு கறுத்துவிட்டது. வெட்டுக்கிளியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இது நோயா, இல்லை இடம் பிடிக்காமல் செய்கிறதா?

பதில்:

விளக்கம் பிறகு சொல்கிறேன், முதலில் செய்ய வேண்டியது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பெட்டையாக இருக்கவும், வயிற்றில் முட்டை இருக்கவும் வாய்ப்பு அதிகம். முட்டை இட மண் தேடித்தான் கீழே இறங்கியிருக்கிறது. மண் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கிவிட்டதால் சோர்ந்து கண்ணை மூடத் தொடங்கியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற காரியம் இல்லை இது. முட்டை தங்கிப்போன பச்சோந்தி, வைத்தியம் பார்க்காமல் விட்டால் பிழைக்காது. இன்றைக்கே கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

நான் வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் ஏமன் பச்சோந்தி வளர்த்தவன். தலையில் உயரமான கொண்டையோடு இருக்குமே, அந்த இனம். இப்போது ஊருக்கு வந்து திசையன்விளைப் பக்கம் இருக்கிறேன். இங்கே உடைமரக் காட்டு ஓரத்தில் நம்மூர்ப் பச்சோந்தியையும் அடிக்கடி பார்க்கிறேன். இனம் வேறென்றாலும், உடம்பு படும் பாட்டை இரண்டும் வெளிக்காட்டும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன்.

ஆணா பெண்ணா என்று பார்க்க, பின்னங்காலின் குதிப்பக்கத்தைக் கவனியுங்கள். ஆணுக்கு அங்கே சின்ன முள் மாதிரி ஒரு துருத்தல் இருக்கும், பெட்டைக்கு இருக்காது. அடுத்து விலா. முட்டை முற்றிய பெட்டைக்கு விலாவின் கீழ்ப்பக்கம் நிலக்கடலையைத் துணியில் முடிந்து வைத்தது போல முண்டு முண்டாகத் தெரியும். விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம், உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணால் பார்த்தால் போதும். ‘ஆணோடு சேரவே இல்லையே, முட்டை எப்படி வரும்?’ என்று நினைப்பீர்கள். காட்டிலிருந்து வந்த பெட்டை, உங்கள் கைக்கு வரும் முன்பே இணைசேர்ந்திருக்கலாம். ஏமன் பச்சோந்தி என்றால் ஆணே இல்லாமலும் கருக்கூடாத முட்டைகளை இடும். அந்த முட்டை தங்கினாலும் ஆபத்து அதே ஆபத்துதான்.

நம்மூர்ப் பச்சோந்தி ஒரு தடவைக்கு 10 முதல் 30 முட்டை வரை இடும். அத்தனையையும் புதைக்க அதற்கு ஈர மண் வேண்டும். வெளியில் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண்ணைத் தானே தேடிப் போய் வளை தோண்டி இட்டு, மூடிவிட்டு மேலே ஏறிவிடும். கண்ணாடித் தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது? அதனால்தான் மூலை மூலையாகப் பிராண்டுகிறது. மருத்துவரிடம் போகும்வரை ஓர் உதவி செய்யலாம். ஒரு பெரிய வாளியில் ஓர் அடி ஆழத்துக்கு ஆற்றுமணலை நனைத்துப் போடுங்கள். விரலால் துளை போட்டால் சரியாமல் நிற்கிற அளவு ஈரம் போதும். பச்சோந்தியை அதில் விட்டு, மேலே கொஞ்சம் இலை தழை போட்டு மறைத்துவிட்டு, நீங்களும் விலகிவிடுங்கள். ஆள் நிற்பது தெரிந்தால் பாதி தோண்டியதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளையும் எட்டிப் பார்க்க விடாதீர்கள். தோண்டிவிட்டு முட்டை இடாமல் மணலிலேயே கண்ணை மூடிப் படுத்துவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சுண்ணாம்புச் சத்தும் ஊசியும் கொடுத்துப் பார்ப்பார், முடியாவிட்டால் அறுவை செய்வார்.

இப்போது அந்தக் கண் மூடுவதைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். பச்சோந்தியின் மற்ற எந்தச் செய்கைக்கும் இரண்டு அர்த்தம் சொல்லலாம், நேரத்தையும் சூட்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பகலில் கண் மூடுவதற்கு மட்டும் நல்ல அர்த்தமே கிடையாது. இரவில் நிறம் வெளுத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் தூங்கும், அது இயல்பு. பொழுது விடிந்துவிட்டால் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பகலில் கண்ணை மூடுகிறது என்றால் உடம்புக்குள் ஏதோ ஒன்று அதை அடக்குகிறது. முட்டை தங்கியிருக்கலாம், தண்ணீர் வற்றியிருக்கலாம், வைட்டமின் ஏ குறைந்திருக்கலாம், கண்ணிலோ நுரையீரலிலோ தொற்று இருக்கலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம். கண்மேடு உள்ளே குழிந்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறை. வீங்கி மூடியிருந்தால் தொற்றோ வைட்டமின் குறைவோ. இந்த வேறுபாட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் வெக்கையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அசையாத தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்றே கண்டுகொள்வதில்லை. காட்டில் இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். ஒரு பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டு, இலை மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி தொங்கவிடுங்கள். கழிவையும் பாருங்கள். கறுப்போடு சேர்ந்து வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் வற்றிவிட்டது. ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கூடாது, வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நிறம் கறுத்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுற்றி இருப்பதைப் பார்த்து அதே நிறத்துக்கு மாறும் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்கிறோம். அப்படி நம்பிக்கொண்டு, தொட்டியின் அடி கறுப்பாக இருப்பதால் கறுத்திருக்கிறது என்று விட்டுவிடுவோம். உண்மையில் அதன் நிறம் உடம்பின் சூட்டையும் மனநிலையையும்தான் காட்டுகிறது. 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தோலுக்குள் சில செல்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பும், தோலில் உள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். ஆவேசம் வந்தால் படிகங்கள் விலகி மஞ்சளும் சிவப்பும் மேலோங்கும். கறுப்பு வேறு வழி, மெலனின் நிறமி பரவுவதால் வருவது. காலைக் குளிரில் கறுத்து, உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குப் பக்கவாட்டில் காட்டினால் அது வெயில் காய்கிறது. சூடேறியதும் பச்சைக்குத் திரும்பிவிடும். நண்பகலிலும் கறுத்தே கிடந்தால் பயமோ வலியோ நோயோ. கண்ணாடியில் தன் உருவத்தையே இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து நாள் முழுக்க அஞ்சுவதும் உண்டு, கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்பதற்கு அது ஒரு காரணம். காற்றோட்டம் இல்லாதது இன்னொரு காரணம்.

நோய் இல்லாததை நோய் என்று பயப்படுவதும் நடக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓலைப்பெட்டியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். “அண்ணாச்சி, இதுக்கு கண்ணு பிதுங்கி வெளிய வருது, செத்துரும் போல” என்றான். வாங்கிக் கொப்பில் விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கக் கண்மேட்டை உப்ப வைத்து, அதை மரப்பட்டையில் மேலும் கீழும் தேய்த்தது. நிறுத்தி, நடுவில் இருக்கும் ஊசித்துளை அளவு திறப்பை நாலு பக்கமும் சுழற்றிப் பார்த்தது. மறுபடி தேய்த்தது. பிறகு கண் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பச்சோந்திக்கு இமைகள் ஒட்டி நடுவில் சின்னத் துளைதான் உண்டு, தூசி விழுந்தால் அப்படித்தான் துடைத்துக்கொள்ளும். தோல் உரிக்கும் முன்பும் செய்யும். “எடுத்த மரத்துலயே கொண்டு விட்டுரு தம்பி” என்றேன், கூடவே போய் விட்டுவிட்டு வந்தோம். ஒரே கண்ணை நாள் முழுக்கத் தேய்த்தாலோ, நீர் வடிந்தாலோதான் கவலைப்பட வேண்டும். முன்னும் பின்னும் ஆடி ஆடி நடப்பது வலிப்பு இல்லை, காற்றில் ஆடும் இலையோடு ஒன்றிப்போவதற்கான நடை. தோல் வெள்ளை வெள்ளையாக உரிவதும் இயல்பு, விரலில் மட்டும் வளையமாக ஒட்டி நின்றுவிடாமல் பார்த்தால் போதும். கையை நீட்டும்போது தொண்டையை உப்பிச் சீறுவது கோபம். விஷம் என்று சொல்லி அடித்துக் கொல்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், பச்சோந்திக்கு விஷமே கிடையாது.

வாயைத் திறந்தபடி இருந்தால் முதலில் நிழலுக்கு மாற்றுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எந்தப் பச்சோந்தியும் வாயைப் பிளக்கும், சூடு தணிந்ததும் மூடிவிடும். குளிர்ந்த நேரத்திலும் தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து, மூச்சில் சத்தமோ வாய் ஓரத்தில் குமிழியோ வந்தால் நுரையீரல் தொற்று. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

கால் வளைந்து நடுங்குவது, தாடை மெத்தென்று வளைவது, நாக்கை நீட்டியும் இரையை எட்டாமல் போவது, இவையெல்லாம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. உங்கள் பச்சோந்தி வெட்டுக்கிளியைக் கண்டுகொள்ளாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், முட்டை ஓட்டுக்கு இந்தச் சத்துதான் போகிறது. உடம்பு அதை எடுத்துக்கொள்ள வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது வராது, கண்ணாடி தடுத்துவிடும். வெட்டுக்கிளி எங்கே பிடிக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நாங்குநேரி, களக்காடு பக்கம் மருந்தடித்த வாழைத் தோட்டத்தில் பிடித்ததைக் கொடுத்தால், அந்த மருந்து பச்சோந்திக்குள்ளும் போகும்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. இந்தியாவில் இருப்பது ஒரே பச்சோந்தி இனம், கமீலியோ சைலானிக்கஸ். ரோட்டோரம் உங்களுக்குக் கிடைத்தது அதுதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வண்டியில் அடிபடாமல் காப்பாற்ற எடுத்திருப்பீர்கள், அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வனத்துறை அலுவலகத்துக்கு இன்றைக்கே தகவல் சொல்லி, உடம்பு சரியில்லை என்பதையும் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். மறைத்து வைத்தால் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிப் போவீர்கள், அந்தத் தயக்கத்தில் அதன் உயிர் போய்விடும். திருநெல்வேலிப் பக்கம் ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்ட ஏற்பாடு செய்யச் சொல்லி வனத்துறையிடம் கேளுங்கள். படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு இனம் வைத்திருந்தால், 2022 சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். அட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, பிடித்து நிற்க ஒரு கொப்பை உள்ளே குறுக்கே செருகி, மேலே துணியால் மூடுங்கள். இருட்டாக இருந்தால் அமைதியாக வரும். உச்சி வெயிலில் பைக்கில் வைத்து நாற்கர சாலையில் ஓட்டாதீர்கள், முடிந்தால் கார் பிடியுங்கள். கடைசியாகப் போட்ட கழிவை ஒரு தாளில் மடித்துக் கையோடு எடுத்துப் போங்கள். காட்டில் இருந்து வந்த பச்சோந்திக்கு வயிற்றுப் புழு இருப்பது சாதாரணம், மருத்துவர் அதைப் பார்க்கக் கேட்பார்.