வடவள்ளியில் தேடினால் நம் பெயர் வரவில்லையே! தோட்டத் தொழில்காரர்களின் கூகுள் கேள்விகள்

புல்தரை போடுபவர்கள், மாடித் தோட்டம் அமைப்பவர்கள், நர்சரி நடத்துபவர்கள் எல்லோரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை இணைத்துவிட்டேன். ஆட்டோமேட்டிக் ஸ்பிரிங்க்ளர் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

கோவை சரவணம்பட்டியில் அலுவலகம். இங்கே நின்று ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ என்று தேடினால் மேப்பில் முதல் மூன்று பேரில் வருகிறோம். வடவள்ளிக்குப் போய்த் தேடினால் ஆளே இல்லை. வெப்சைட்டில் என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. மேப் பட்டியலை வரிசைப்படுத்த முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரம், உங்கள் தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. முதலாவதையும் மூன்றாவதையும் உழைத்து மாற்றலாம். தூரத்தை ஒன்றும் செய்ய முடியாது. சத்தி ரோட்டில் இருக்கும் உங்களை மருதமலை ரோட்டுக்காரருக்குக் காட்டுவதற்கு முன், அங்கேயே இருக்கும் நாலு பேரைத்தான் மேப் காட்டப் பார்க்கும். தேடுபவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமும்கூட.

ஆனால் தேடல் முடிவில் மேப் மட்டும் வருவதில்லை. அதற்குக் கீழே வழக்கமான இணைப்புகள் இருக்கின்றன. அங்கே தூரத்தின் பிடி கொஞ்சம் தளர்வு. வடவள்ளியில் நீங்கள் உண்மையிலேயே போட்ட ஒரு தோட்டத்தைப் பற்றி உங்கள் தளத்தில் உருப்படியான பக்கம் இருந்தால், அது அந்த இணைப்புகளில் ஏறுவதற்கு வாய்ப்பு உண்டு. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு மேப் ப்ரொஃபைல் (கூகுளில் உங்கள் தொழிலின் பெயர், முகவரி, போன், ரிவ்யூ எல்லாம் வரும் பிசினஸ் ப்ரொஃபைல்), எட்ட இருக்கும் ஊர்களுக்கு வெப்சைட். மேப்பில் கோவை முழுக்க வர வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. சொந்த போனில் சொந்தப் பெயரைத் திரும்பத் திரும்பத் தேடிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறும். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம்தான். எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும்.

போட்டியாளர் தன் கடைப் பெயரோடு ‘பெஸ்ட் லேண்ட்ஸ்கேப்பிங் சென்னை லான் கார்டன்’ என்று சேர்த்திருக்கிறார், மேலே வருகிறார். நானும் சேர்க்கலாமா?

வேண்டாம். பெயரில் சொற்களை அடைத்தால் சில நேரம் பலன் கிடைக்கத்தான் செய்கிறது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் போர்டில், பில்லில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் ப்ரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் ப்ரொஃபைல் முடக்கப்படலாம். ஐப்பசி மழை முடிந்து நாலு பேர் தோட்டத்தைச் சீர்செய்யக் கூப்பிடும் சமயத்தில் அது காணாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருடைய பெயரை என்ன செய்வது? மேப்பில் அவர் ப்ரொஃபைலைத் திறந்து, திருத்தம் பரிந்துரைக்கும் இடத்தில் சரியான பெயரை எழுதி அனுப்பலாம். ஏற்பார்களா என்பது நிச்சயமில்லை, ஆனால் அது முறையான வழி.

வீட்டிலிருந்துதான் தொழில். ஆட்கள், மெஷின் எல்லாம் சைட்டுக்கு நேராகப் போய்விடும். வீட்டு முகவரியை ஊருக்கே காட்ட வேண்டுமா?

தேவையில்லை. வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதில்லை, நீங்கள்தான் போகிறீர்கள் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, வேலை செய்யும் ஊர்களை மட்டும் குறிப்பிடலாம். 20 இடங்கள் வரை சேர்க்கலாம். மொத்த எல்லை உங்கள் இடத்திலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும் என்கிறது கூகுள். ஒரு பட்டியலில் ஊர் பெயரைச் சேர்த்ததாலேயே அந்த ஊரில் மேலே வந்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அது வாடிக்கையாளருக்கான தகவல்.

ப்ரொஃபைல் உங்களுடையதுதானா என்று கூகுள் செய்யும் சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். இதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். தெருவையும் தெருவின் பெயர்ப் பலகையையும் காட்டிவிட்டு, அப்படியே நடந்து புல்வெட்டும் மெஷின், ஸ்பிரேயர், கம்பெனி பெயர் எழுதிய வண்டி என்று காட்டுங்கள். பிறகு உங்கள் தொழில்தான் என்பதற்கு அடையாளமாக ஜிஎஸ்டி சான்றிதழோ பெயர் அச்சிட்ட பில்லோ காட்டினால் போதும். ஆட்களின் முகமோ வங்கி விவரமோ வீடியோவில் வர வேண்டாம். ஆள் இல்லாத விர்ச்சுவல் ஆபீஸ் முகவரியை வாடகைக்கு எடுத்துப் போடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். விதிப்படி அது செல்லாது.

ஓசூரில் நர்சரியும் வைத்திருக்கிறோம், பெங்களூரு வரை தோட்ட வேலையும் எடுக்கிறோம். இரண்டு ப்ரொஃபைல் வேண்டுமா?

ஒரே பெயர், ஒரே இடம் என்றால் ஒன்றுதான். நர்சரிக்கு ஆட்கள் நேரில் வருவதால் முகவரி தெரியட்டும், கூடவே வேலை எடுக்கும் ஊர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். என்ன தொழில் என்று ப்ரொஃபைலில் சொல்லும் வகைகளில் முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை போடலாம். முதன்மை வகைக்குத்தான் கனம் அதிகம், எனவே பணம் எதிலிருந்து வருகிறதோ அதை முதலில் வையுங்கள். செடி வாங்க வருபவர்களைவிட லான் போடச் சொல்பவர்கள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், முதன்மை வகை லேண்ட்ஸ்கேப்பர், அடுத்தது நர்சரி. 10 இடமும் நிரம்ப வேண்டும் என்று பூச்சிமருந்து, நீச்சல்குளம் என்றெல்லாம் போடாதீர்கள்.

எங்கள் வெப் டிசைனர் 40 ஊர் பெயர்களுக்கு 40 பக்கம் போட்டுக் கொடுத்தார். எல்லாப் பக்கத்திலும் அதே வரிகள், ஊர் பெயர் மட்டும் வேறு. ஆறு மாதமாகியும் ஒரு போன்கூட இல்லை.

வராது. இந்த மாதிரிப் பக்கங்களைக் கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. நாவலூர், கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர் மூன்றுக்கும் ‘எங்கள் அனுபவம் வாய்ந்த குழு’ என்று ஆரம்பிக்கும் ஒரே பக்கம் இருந்தால், படிப்பவருக்கும் அதில் ஒன்றுமில்லை.

40-ஐயும் எடுத்துவிடுங்கள். வேலை செய்த இடங்களில் நாலைந்தை மட்டும் எடுத்து, அந்த மண்ணில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஈசிஆர் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே மணல், தண்ணீர் நிற்காது. செம்மண்ணும் தொழு உரமும் கலக்காமல் லான் விரித்தால் கோடையில் காய்ந்துவிடும். கடற்காற்றில் வரும் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அரளியும் காகிதப்பூவும் தாங்கும், மெல்லிய இலைச் செடிகள் திணறும். அதே சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் பிரச்சினை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வடியாமல் நின்று புல் அழுகுகிறது, அங்கே முதலில் பேச வேண்டியது வடிகால். மரநிழல் அதிகமுள்ள பழைய பங்களாவா? கொரியன் புல் வேண்டாம், பஃபலோ புல் போடலாம் என்று நீங்கள் வாடிக்கையாளரிடம் வாயால் சொல்வதைத்தானே தினமும் செய்கிறீர்கள்? அதை எழுத்தில் போடுங்கள்.

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்றால்: எத்தனை சதுர அடி, போகும்போது இடம் எப்படி இருந்தது, எத்தனை லோடு மண் இறக்கினீர்கள், எந்தப் புல், சொட்டுநீரா ஸ்பிரிங்க்ளரா, எத்தனை நாளில் முடிந்தது, ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் போடுங்கள். கதவு எண்ணும் வண்டி நம்பரும் படத்தில் தெரிய வேண்டாம். ‘ஈஞ்சம்பாக்கத்தில் உப்புத் தண்ணீரில் லான்’ என்று தலைப்பு வைத்த ஒரு பக்கம், ‘ஈஞ்சம்பாக்கத்தில் சிறந்த லேண்ட்ஸ்கேப்பிங் சேவை’ என்ற பக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

விலையையும் சொல்லிவிடுங்கள். ‘சதுர அடிக்கு எவ்வளவு?’ என்பதுதான் போனில் வரும் முதல் கேள்வி. சரியான தொகை சொல்ல முடியாதுதான். ஆனால் எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்பதை ஒரு வரம்போடு எழுதினால், அதைத் தேடி வருபவர்கள் உங்களிடம் வந்து நிற்பார்கள்.

ஒருவர் 100 ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லை என்றால் எப்படிக் கேட்பது?

வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்குவதும், ‘ரிவ்யூ போட்டால் அடுத்த மாதப் பராமரிப்பில் தள்ளுபடி’ என்பதும் கூகுள் கொள்கைக்கு எதிரானவை. இந்தியாவிலும் 2022-இல் இந்தியத் தரநிலைகள் அமைப்பான பிஐஎஸ் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. அதற்கெல்லாம் மேலே, ஒரே வாரத்தில் ஊர் பேர் தெரியாத நூறு பேர் ‘சூப்பர் சர்வீஸ்’ என்று எழுதியிருந்தால் வாடிக்கையாளருக்கே சிரிப்பு வரும்.

எப்போது கேட்பது என்பதுதான் விஷயம். வேலை முடித்துச் சாவியைக் கொடுக்கும் அன்று பலரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் அது நல்ல நேரம் இல்லை, கொத்துக் கொத்தாக நட்ட புல் அன்று பார்க்க வழுக்கை மண்டை மாதிரிதான் இருக்கும். புல் மூடி, முதல் தடவை வெட்டிவிட்டுக் கிளம்பும் நாளில் கேளுங்கள். ப்ரொஃபைலில் கிடைக்கும் லிங்க்கை அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘என்ன வேலை செய்தோம், எந்த ஏரியா என்று ரெண்டு வரி எழுதுங்க சார்’ என்று சொல்லலாம். திருப்தியானவர்களிடம் மட்டும் லிங்க் கொடுத்து, மற்றவர்களைத் தவிர்க்கும் தந்திரமும் கூடாது.

கெட்ட ரிவ்யூ வந்தால் பதற வேண்டாம். ‘மூன்றே வாரத்தில் புல் காய்ந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினால், ‘நீங்கள் தண்ணீர் விடவில்லை’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். ‘வணக்கம் சார், வந்து பார்க்கிறோம். முதல் மாதம் காலை மாலை இரண்டு வேளை தண்ணீர் தேவை, டைமர் செட்டிங்கையும் சரிபார்த்துத் தருகிறோம்’ என்று எழுதிவிட்டு, நிஜமாகவே போய்ப் பாருங்கள். அந்தப் பதிலைப் படிக்கப் போவது அவர் ஒருவர் மட்டும் இல்லை, அடுத்து உங்களைக் கூப்பிடலாமா என்று யோசிப்பவரும்தான்.

தளத்தில் ‘நியர் மீ’ என்று எழுத வேண்டுமா? மெட்டா கீவேர்ட்ஸ் எத்தனை போடலாம்?

முதலாவதற்கு: வேண்டாம், தேடுபவர் எங்கே இருக்கிறார் என்று கூகுளுக்குத் தெரியும். இரண்டாவதற்கு: பூஜ்யம். பக்கத்தின் நிரலுக்குள் மறைத்து எழுதும் அந்தச் சொல் பட்டியலைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

தளம் தமிழிலா, ஆங்கிலத்திலா?

யாரிடம் வேலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அபார்ட்மென்ட் சங்கங்களும் பில்டர்களும் ஆங்கிலத்தில்தான் அதிகம் தேடுகிறார்கள். பண்ணை வீட்டுக்காரர்கள், ஊரில் வீடு கட்டுபவர்கள் போனில் பேசியே தேடுவார்கள், அங்கே ‘புல்தரை’, ‘மாடித்தோட்டம்’, ‘கார்டன் வேலை’ என்று தமிழ் வரும். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கமாக வையுங்கள். ஒரே பக்கத்தில் பாதி பாதி கலந்தால் அது எந்த மொழிப் பக்கம் என்று கூகுளுக்கும் குழப்பம். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். புல்தரையை ‘புல்வெளி நிறுவல் சேவைகள்’ என்று ஆக்கிவிடும், அப்படி யாரும் தேடுவதில்லை.

கூகுளே இலவசமாகக் கொடுத்த வெப்சைட் திடீரென்று வேலை செய்யவில்லை. விசிட்டிங் கார்டில் அந்த முகவரிதான் இருக்கிறது.

பிசினஸ் ப்ரொஃபைலில் இருந்து உருவாக்கிய தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், அந்தக் கெடுவும் அதே ஆண்டு ஜூன் 10-இல் முடிந்தது. அது இனி வராது. சொந்தமாக ஒரு டொமைன் (தளத்தின் இணைய முகவரி) வாங்குங்கள், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் இருக்கட்டும். டிசைனரின் பெயரில் பதிவாகி, பிறகு அவர் போன் எடுக்காமல் தவித்தவர்களின் கடிதங்களே எனக்குத் தனியாக ஒரு கட்டு வந்திருக்கிறது. ஜஸ்ட்டயல், சுலேகா, இண்டியாமார்ட் எங்கெல்லாம் பழைய முகவரியும் பழைய போன் நம்பரும் கிடக்கின்றனவோ, அங்கெல்லாம் அதே சமயத்தில் மாற்றிவிடுங்கள்.

தளத்தில் 60 போட்டோ இருக்கிறது, திறக்கவே நேரமாகிறது.

போனில் எடுத்த 5 எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். அகலத்தைக் குறைத்து, வெப்-பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் மாற்றி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. 60 வேண்டாம். நல்லதாகப் பத்து, ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாக. ஒவ்வொரு படத்துக்கும் என்ன, எங்கே என்று ஒரு வரி.

மாதம் 15,000 ரூபாய், மூன்று மாதத்தில் மேப்பில் முதலிடம் கேரண்டி என்கிறார்கள். நம்பலாமா?

மேப் வரிசையில் மேலே வர காசு கொடுக்கவோ கோரிக்கை வைக்கவோ வழியே இல்லை என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. விளம்பரம் வேறு கணக்கு, அது விளம்பரம் என்ற குறியோடு வரும், காசு நின்றால் நின்றுவிடும். யாரையாவது அமர்த்தத்தான் வேண்டும் என்றால், ‘முதலிடம்’ என்பதை விட்டுவிட்டு வேறு மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாதம் எந்தப் பக்கம் எழுதப் போகிறீர்கள்? ப்ரொஃபைலின் உரிமை யாருடைய ஈமெயிலில் இருக்கும்? ப்ரொஃபைல் வழியாக வந்த போன் அழைப்பு, வழி கேட்டவர்கள், தளத்துக்கு வந்தவர்கள், இந்த எண்ணிக்கையை மாதாமாதம் காட்டுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.