மனிதப் பிழையைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: அணுமின் நிலையத்தில் பம்பு பழுதாகும் வாய்ப்பைக் கணக்கிடலாம், மனிதர் செய்யும் தவறை எப்படிக் கணக்கிட முடியும்? இருவர் சரிபார்த்தால் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. உலையின் நீர் வெளியேறிக்கொண்டிருந்தபோதும், அழுத்தச் சீராக்கிக் கலனில் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்ததாலும், அக்கலன் நிரம்பிவிடக் கூடாது என்று பயிற்சியில் வலியுறுத்தப்பட்டிருந்ததாலும், தானாக இயங்கத் தொடங்கிய அவசர நீரேற்றத்தைப் பணியாளர்கள் குறைத்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் உலையிலும் இதேபோல் வால்வு சிக்க, அங்கிருந்தவர்களும் நீரேற்றத்தைக் குறைத்திருந்தார்கள். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மனிதர்கள் ஒரே தவறைச் செய்தார்கள் என்றால், அதன் வேரை அவர்கள் பார்த்த விளக்கிலும் பெற்ற பயிற்சியிலும்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கிடும் முறையும் இவ்வழியில்தான் செல்கிறது. ஸ்வைன், குட்மன் ஆகிய இருவரும் 1983-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்காக வெளியிட்ட கையேட்டில் விளக்கிய 'தெர்ப்' (THERP, மனிதப் பிழை வீதத்தைக் கணிக்கும் நுட்பம்) முறையில், ஒரு பணியைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தவறு நேரும் நிகழ்தகவைக் குறித்து, மன அழுத்தம், அனுபவம் போன்றவற்றுக்கேற்ப அதைத் திருத்துவார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒருவர் தவறும் வாய்ப்பு நூறில் ஒன்று என்றால், இருவரும் தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று தோன்றும். ஆனால் சரிபார்ப்பவர் முதலாமவரின் முடிவைப் பெரிதும் சார்ந்திருந்தால், முதலாமவர் தவறியபின் அவரும் தவறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி என்று தெர்ப் கொள்கிறது. அப்போது விடை இருநூறில் ஒன்றாகிவிடுகிறது. த்ரீ மைல் ஐலண்டில் பலர் கூடியிருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கசிவு பிடிபடவில்லை. காலை 6.20 வாக்கில், அப்போதுதான் பணிக்கு வந்திருந்த மேற்பார்வையாளர் ஒருவர் சொன்ன பிறகே, நீர் வெளியேறிய வழியிலிருந்த அடைப்பு வால்வை மூடினார்கள்.