பச்சை வயல் ஏன் சிவப்பாகத் தெரிகிறது?

கேள்வி: செயற்கைக்கோள் படம் என்று ஒன்றைக் காட்டினார்கள், அதில் எங்கள் ஊர் வயலெல்லாம் சிவப்பு சிவப்பாக இருந்தது. பயிர் பச்சைதானே? மேலே ஒரு கேமராவை மாட்டிப் படம் பிடிப்பதைத் தவிர இந்தத் தொலையுணர்வில் வேறு என்னதான் இருக்கிறது?
— வாசகர், மன்னார்குடி

பதில்: நிறைய இருக்கிறது, கேமரா நடுவில்தான் வருகிறது. முதலில் வெயில். இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பு ஒளியைத் தனக்கு உணவு தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இலைக்கு வேண்டாம், அதில் கிட்டத்தட்ட பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை நமக்குக் காட்ட வேண்டும் என்றுதான் திரையில் அதற்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். பயிர் செழிப்பாக இருந்தால் நல்ல அடர்சிவப்பு, வாடினால் வெளிறிப்போகும். 1970-இல் கேரளத்தில் விஞ்ஞானி பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்பு ஃபிலிமில் தென்னை வாடல் நோயைத் தேடியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். நம் நாட்டில் தொலையுணர்வு தொடங்கியதே அங்கேதான்.

அப்புறம் செயற்கைக்கோளும், அதிலிருந்து ஒளியை அளக்கும் கருவியான உணரியும். 2016-இல் ஏவிய ரிசோர்ஸ்சாட்-2ஏ, 817 கி.மீ. உயரத்தில் வடக்கு தெற்காகச் சுற்றுகிறது. பகல் பக்கம் வரும்போதெல்லாம் நிலநடுக்கோட்டை உள்ளூர் நேரம் காலை பத்தரை வாக்கில் கடக்கும். வெயிலின் சாய்வு ரொம்ப மாறாமல் இருந்தால்தானே போன மாதப் படத்தோடு ஒப்பிட முடியும்? அதிலிருக்கும் லிஸ்-3 உணரி எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம், நம் கணக்கில் பதின்மூன்றரை சென்ட். ஒரு ஏக்கருக்கு ஏழு புள்ளிதான். வரப்பு, வாய்க்கால், ஓரத்துத் தென்னை எல்லாம் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும்.

அளந்த எண்கள் ரேடியோ அலையில் ஹைதராபாத் பக்கத்து ஷாத்நகர் தரை நிலையத்துக்கு வருகின்றன. காற்றிலிருக்கும் தூசி, ஈரம் செய்த கலப்படத்தைக் கழித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்த பிறகுதான் அது வரைபடம்.

சரி, சம்பா பருவத்தில் ஐப்பசி மேகம் மூடினால்? இந்த உணரிக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு ரேடார். 2022-இல் போன இஓஎஸ்-04 என்ற ரேடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகம், இருட்டு எதுவும் தடையில்லை. தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் தூர்கட்டி வளர வளர வெளுத்துக்கொண்டே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வயலுக்கு நடந்து வர வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பாகம். இந்த இடத்தில் நெல், அந்த இடத்தில் உளுந்து என்று நேரில் குறித்துக் கொடுத்தால்தான் கணினி மற்ற வயல்களை அடையாளம் காணும். உங்கள் ஊருக்கு யாராவது போனும் கையுமாகக் கணக்கெடுக்க வந்தால், ரகத்தையும் நட்ட தேதியையும் சரியாகச் சொல்லி அனுப்புங்கள்.