மெர்சிடிஸ் பென்ஸின் பழைய டபிள்யூ124 மாடலைக் கார் ரசிகர்கள் இவ்வளவு கொண்டாட அதில் அப்படி என்ன இருக்கிறது?

நல்ல மழையில் இந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். சாதாரண ஒற்றை வைப்பர் என்றால் அரைவட்டமாகத் துடைத்துவிட்டு மேல் மூலைகள் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். இதில் வைப்பர் கை சுழலும்போதே, அடியில் உள்ள பல்சக்கர அமைப்பு அதை மூலைப்பக்கம் வெளியே நீட்டுகிறது, நடுவுக்கு வரும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. கண்ணாடியில் 86 சதவீதம் சுத்தமாகிவிடும். அந்தப் பல்சக்கரங்களில் கிரீஸ் காய்ந்தால் மட்டும் முனக ஆரம்பிக்கும். கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தால் போதும்.

1984 கடைசியில் வந்த வண்டி இது. பென்ஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த உருவம். ஓடும்போது காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் காற்றுத் தடைக் குணகம் (குறைந்தால் நல்லது) 0.30 அளவில்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய செடானுக்கு அது அபாரம்.

ஆனால் என்னைக் கேட்டால் இதன் உயிர் பின்பக்க சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனி லிங்க்குகள், அதாவது இணைப்புத் தண்டுகள், பிடித்திருக்கின்றன. 1982ல் வந்த 190 மாடலில் அறிமுகமான ஏற்பாடு. குழியில் இறங்கினாலும், வளைவில் வண்டி சாய்ந்தாலும், பிரேக் பிடித்தாலும் சக்கரத்தின் கோணம் அதிகம் மாறாது, டயர் சாலையை விடாது. அதனால்தான் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தும் வேகத்தில் வண்டி அலையாமல் போகிறது. மரப்பலகையும் தோல்சீட்டும் யாரும் போடலாம். நெடுந்தூரம் போய் இறங்கும்போது உடம்பு அலுக்காமல் இருப்பதைத்தான் நான் சொகுசு என்பேன். என்ன, லிங்க் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் பார்க்க வேண்டிய இடமும் அதிகம்.

பானெட் 90 டிகிரி நிமிர்ந்து நிற்கும், வேலை செய்பவருக்குத் தலை இடிக்காது. இந்தியாவில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி உருவாக்கிய முதல் பென்ஸ் காரும் இதுதான்: 1995, புனே, டாடாவின் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வளாகம்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. 1993 வாக்கிலிருந்து வந்த பல பெட்ரோல் வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் நொறுங்கி உதிரும், கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். விற்பவர் வயரிங்கை மாற்றிவிட்டோம் என்றால் பில்லைக் கேளுங்கள்.